பாசி பிடிக்கட்டும்

“சாமி, அந்தக் கதவை எடுக்கச் சொல்லுங்க.”

கொழுந்து வந்து நின்ற வேகத்தில் தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

சாமி முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எந்தக் கதவு, அண்ணாச்சி?”

“அடுப்படிக் கதவு. கழற்றிக் கொண்டுபோய் முன்வாசல் படி மேல சாய்ச்சுப் போட்டிருக்கு. மடம் மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கு. எந்தக் கூறுகெட்டவன் செஞ்ச வேலைன்னு கேட்டா, ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கான்.”

“நான்தான் செஞ்சேன்.”

கொழுந்து குனிந்து துண்டை எடுத்துக்கொண்டார். வேறு என்ன செய்ய?

வயதில் மூத்தவர் கொழுந்து. சாமி இந்த மடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் இங்கே சீடர். மடத்துக் காரியமெல்லாம் அவர் கையில். பிறகு வந்த சாமிதான் பீடத்தில் உட்கார்ந்தார். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவைச் சாமி என்பார். கோபம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கதவு உலகம்மாளுக்காகப் போட்டது.

உலகம்மாளின் ஒரே மகன் மாசிலாமணி இளந்தாரியாக இருந்தபோதே வீட்டை விட்டு வந்து, இந்த மடத்தில் காவி கட்டினவன். காமாலை கண்டு இங்கேயே அடங்கிப்போனான். பின்முற்றத்தில் வில்வமரத்தடியில் அவனை வைத்து மேலே ஒரு கல் நாட்டியிருக்கிறது. பிரதோஷம் தவறாமல் அந்தத் தாய் வருவாள். பூ வைக்க மாட்டாள், விளக்கு ஏற்ற மாட்டாள். கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொடுப்பாள். தூளியில் கிடக்கிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

போன அறுப்புக்கு வயல் வரப்பில் விழுந்தவளுக்கு இடுப்பு போய்விட்டது. மருமகன் ஒரு சக்கர நாற்காலி வாங்கிக்கொடுத்தான். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுவந்து, மடத்து வாசலில் நாற்காலியோடு இறக்கிவிட்டுப் போவான். அவள் படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆள் இல்லாமல் இல்லை. இளம் சாமிகள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கக் குனிந்தார்கள். அவள் கையை ஓங்கிவிட்டாள்.

“நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போறது ஒரு தடவை போதும். எம்புள்ளைகிட்ட அப்படிப் போவ மாட்டேன்.”

மடத்துக்கும் அப்படி ஒரு கட்டு உண்டு. முதல் சாமி காலத்தில் ஒரு ஜமீன்தார் பல்லக்கில் ஏறிப் படிமேல் வந்தாராம். ‘உயிர் இருக்கிறவனை இங்கே தூக்கி வரக்கூடாது, இறங்கி வா’ என்று சொல்லிவிட்டாராம் அந்தச் சாமி. பணக்காரன் தலைக்கனத்துக்குச் சொன்ன வார்த்தை. அது அப்படியே நின்றுவிட்டது.

ஆக, அவள் உருண்டுதான் உள்ளே போகவேண்டும். படியில் சக்கரம் உருளுமா? அதுதான் சாமி கதவைக் கழற்றினார்.

“அந்தக்கா உள்ள வரவேண்டாம்னு நான் சொல்லல, சாமி” என்றார் கொழுந்து. “ஆனா முகப்பைப் பாருங்க.”

முகப்பைப் பார்க்க வேண்டியதுதான். அகலமான கருங்கல் படிகள். இரண்டு பக்கமும் இரண்டு யாளி. துதிக்கையைச் சுருட்டித் தரையில் ஊன்றிக்கொண்டு, இப்பதான் எழுந்திருக்கப் போகிற மாதிரி இருக்கும். அதைப் பார்க்க என்றே வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். கொழுந்து அந்த வாசலைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தவர். கரண்டு வந்த காலத்தில் கம்பியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு திருவிழாவுக்கு யாளியின் கழுத்தில் சீரியல் பல்பு கட்டப் போனவனை, ‘ஒன் பொண்டாட்டி கழுத்துல கட்டு வே’ என்று விரட்டினார்.

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

“சரி. கதவை எடுத்திருங்க. அந்தம்மா உள்ள வரதுக்கு வழி உங்க பொறுப்பு.”

அன்றைக்குச் சாயங்காலம் உலகம்மாள் வந்து இறங்கியபோது, கதவு அடுப்படிக்கே திரும்பிப் போய்விட்டது.

கொழுந்து லேசாக வேலையில் இறங்குகிறவர் இல்லை. இறங்கினால் அரைகுறையாக விடுகிறவரும் இல்லை.

யாளிக்குப் பின்னால், பக்கச் சுவரை ஒட்டி, நந்தவனத்து வாசல் வரைக்கும் ஒரு கல் சரிவு. அந்த வாசல் வழியாக நேரே வில்வமரத்துக்குப் போய்விடலாம். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. படியில் ஒரு கல் அசையக்கூடாது, யாளியில் ஓர் உளி படக்கூடாது. இதுதான் அவர் கணக்கு.

சிமெண்டு வேண்டாம் என்றார். செங்கல் வேண்டாம் என்றார். மடம் கட்டின அதே பாறையில் கல் எடுக்கவேண்டும் என்றார். அதற்கு அலைந்தார். கல் வந்தது. கல்தச்சர்கள் வந்தார்கள். சரிவு செங்குத்தாகப் போய்விட்டது என்று ஒரு தடவை பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். ஆடி பிறக்கும்போது வேலை முடிந்தது.

சாமி வந்து பார்த்தார். மேலே ஏறினார், கீழே இறங்கினார்.

“நல்லா இருக்கு, அண்ணாச்சி. அந்தம்மாவை வரச் சொல்லிருவமா?”

கொழுந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல் ஒரே பாறைதான். ஆனால் பழைய கல் எத்தனையோ மழை தின்று கறுத்த கல். புதுக்கல் உரித்த தேங்காய்ப் பத்தை மாதிரி வெளேரென்று கிடந்தது.

“கொஞ்சம் பாசி பிடிக்கட்டும், சாமி” என்றார்.

அதற்கு ஒரு முறை உண்டு. புளித்த மோர், பழங்கஞ்சி, சாணிப்பால் மூன்றையும் கலந்து கல்லில் பூசவேண்டும். மேலே ஈரச்சாக்கு போடவேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். முதலில் பச்சையாகத் துளிர்க்கும். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தால் கறுத்து இறுகிவிடும். அதற்கப்புறம் சுரண்டினாலும் லேசில் வராது. அதுவரைக்கும் அதன்மேல் காலோ சக்கரமோ படக்கூடாது. பட்டால் தோல் உரிந்த மாதிரித் திட்டுத்திட்டாகப் போய்விடும்.

கொழுந்து இரண்டு முனையிலும் கயிறு கட்டினார்.

உலகம்மாள் வந்தாள். நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை நீட்டிச் சாக்கு மூடிய சரிவைப் பார்த்தாள்.

“என்ன தம்பி, கல்லுக்குக் காய்ச்சலா? ஈரச்சாக்கு போட்டு வச்சிருக்க.”

கொழுந்து சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கஞ்சியும் மோரும் ஊற்றுவதையும் சொன்னார்.

“கஞ்சியும் மோருமா. எனக்கு எம்மக அதுகூட ஒழுங்கா ஊத்த மாட்டேங்கா.”

“இந்த மழை போகட்டும்க்கா. அப்புறம் நீங்க ராணி மாதிரிப் போகலாம். இங்கன ஒரு வேலை நடந்துச்சுன்னே எவனும் கண்டுபிடிக்க முடியாது.”

“கண்டுபிடிக்காம போனா என்ன தம்பி கிடைக்கும்?”

கொழுந்துக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கல்லின் அருமை தெரியாத மனுஷி என்று நினைத்துக்கொண்டார்.

அவளும் வற்புறுத்தவில்லை. இவ்வளவு கல்லைத் தனக்காக ஒருத்தர் சுமந்து வந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு கூச்சம். அடுத்த பிரதோஷத்துக்கும் வந்து படிக்குக் கீழேதான் உட்கார்ந்தாள். அதற்கடுத்ததற்கும். கை சும்மா இருக்காது. நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அதில் ஓர் இடம் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது.

ஒரு நாள் சொன்னாள்: “உங்கல்லுக்குப் பிடிக்கதுக்கு முன்னால எனக்குப் பாசி பிடிச்சிரும் போலிருக்கே, தம்பி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கொழுந்து சாமியிடம் போய் அவ்வப்போது சேதி சொல்லுவார். கீழ்க்கல் பச்சை பிடித்துவிட்டது. மேல்கல் மட்டும் வெயில் படுவதால் முரண்டு பிடிக்கிறது. முன்பக்கம் ஒரு வரிசை அரளி வைத்திருக்கிறேன், மறைவாக இருக்கும்.

சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

ஒரு தடவை மட்டும் சொன்னார்: “ஒருத்தன் கிணறு வெட்டினானாம், அண்ணாச்சி. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். கலங்கிருமேன்னு கடைசிவரைக்கும் வாளியே இறக்கலையாம்.”

கொழுந்து விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே வந்து மற்றவர்களுக்கும் சொன்னார். இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

ஐப்பசி மழை அடித்துக் கொட்டியது. விடாமல் பெய்து, ஒரு காலையில் ஓய்ந்தது.

கொழுந்து போய்ச் சாக்கை உருவினார்.

கறுத்திருந்தது. எந்தக் கல் பழசு, எந்தக் கல் புதுசு என்று அவருக்கே தடம் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தார். இறுகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். உலகம்மாள் வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று திரும்பினார்.

வாசலில் அவள் மருமகன் நின்றுகொண்டிருந்தான். ஆட்டோ இல்லை. சட்டையும் இல்லை, துண்டு மட்டும் போர்த்தியிருந்தான்.

“விடியறதுக்கு முன்னால போயிட்டாங்க மாமா. மழையோட மழையா.”

சுடுகாட்டுக்குப் போகிற பாதை மடத்தைத் தாண்டித்தான் போகிறது. மடத்துக்கு எதிரே வந்ததும் பாடையைக் கொஞ்சம் நிறுத்தினார்கள்.

கொழுந்து ஓடிவந்து முன்னால் நின்றார். இந்தப் பக்கமாகக் கொண்டுவாங்க, வழி இருக்கு, பிள்ளைகிட்ட ஒரு நிமிஷம் வச்சுட்டுப் போங்க என்று கெஞ்சினார். தூக்கினவர்கள் சாமியைப் பார்த்தார்கள்.

சாமி படி இறங்கி ரோட்டுக்கு வந்தார்.

“வேண்டாம். நாலு பேர் தூக்கி எம்புள்ளைகிட்டப் போக மாட்டேன்னு சொன்னவங்க.”

துறவி யார் காலிலும் விழ வேண்டியதில்லை, பெற்ற தாயைத் தவிர. சாமி ஈர ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாசிலாமணிக்குப் பதிலாக விழுந்தார் என்று எல்லோருக்கும் விளங்கியது. எழுந்தபோது நெற்றியெல்லாம் சேறு. அதை அவர் துடைக்கவில்லை.

பாடை போய்விட்டது.

“நான்தான் சாமி. என்னாலதான்” என்றார் கொழுந்து.

“கதவை எடுத்தது நீங்க. எடுக்க விட்டது நான்.”

சாமி உள்ளே போனார்.

அதற்குப் பிறகு கொழுந்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வருகிறவர்கள் மெச்சினார்கள். பழைய கட்டடம் பார்க்கிறவர்கள் சிலர் கேள்விப்பட்டு வந்தார்கள். அப்படி ஒரு சரிவு கட்டியிருப்பதாகச் சொன்னார்களே, எங்கே எங்கே என்று தேடினார்கள். காட்டியதும் அசந்துபோனார்கள். கொழுந்துக்குச் சால்வை போர்த்தினார்கள். வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரபாண்டியன், பக்கத்து ஊர்க்காரர், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “நம்ம கொழுந்து கட்டினது கட்டடம் இல்ல வே, கண்கட்டு வித்தை.”

கொழுந்துக்கு ஒரு நினைப்பு. அந்தக்காவுக்குத்தான் உதவவில்லை, இனிமேல் வருகிற ஒருத்தருக்காவது உதவும். அந்த நினைப்பில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படி ஒருத்தர் வரவும் செய்தார்.

கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. நடுவயசு மனுஷர். கால் இரண்டும் சூம்பி மடங்கியிருந்தன. வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, மேட்டுப் பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து படிக்கு முன்னால் நிறுத்தினார்.

கொழுந்து அப்போது நந்தவனத்துப் பக்கம் நின்றார். இதோ வருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மனுஷர் படியை அண்ணாந்து பார்த்தார். யாளியைப் பார்த்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு கும்பிடு போட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொழுந்து ஓடினார். கையில் இருந்த செம்போடு ஓடினார்.

“ஐயா, நில்லுங்க. உள்ள போக வழி இருக்கு.”

“எங்கன?”

“அந்தா, அங்கன.”

அவர் திரும்பிப் பார்த்தார். “அது அரளிச்செடில்லா?”

“செடிக்குப் பின்னால.”

“செடிக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்கணும்னா, நான் முதல்ல எந்திரிச்சு நடக்கணும்லா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

“யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா.”

“கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் கீழ நின்னு ஒரு கும்பிடு, அதோட திரும்பிருவேன். பழகிப்போச்சு. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க.”

கொழுந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு, வாங்க, நான் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றார். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷர் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். இறக்கத்தில் வண்டி வேகமாகப் போய்விட்டது.

கொழுந்து நேராகச் சாமியிடம் வந்தார்.

“படியில கை வைக்கல. யாளியில கை வைக்கல. அதே பாறையில கல் எடுத்தேன். சரிவு சரியா இருக்கு. எல்லாம் முறையாத்தான செஞ்சேன் சாமி. எங்க தப்பிப்போச்சு?”

சாமி அவர் கையைப் பார்த்தார்.

“அது என்ன செம்பு?”

“தண்ணி.”

“எதுக்கு?”

“பாசிக்கு. மழை நின்னுருச்சுல்லா. ஊத்தலைன்னா வெயில்ல மேல்கல் வெளுத்துரும்.”

“தினம் ஊத்துதீகளா?”

“ஆமா சாமி.”

“அந்தம்மா போன அன்னைக்கு?”

கொழுந்து செம்பைக் கீழே வைத்தார்.

அன்றைக்கு வழியனுப்பிவிட்டு வந்து தலைமுழுகினார். ஈர வேட்டியோடு நேரே சரிவுக்குத்தான் போனார். சாக்கு எடுத்த முதல் நாள், காற்றுக்குக் காய்ந்துவிடக்கூடாதே என்று.

“ஊத்தினேன், சாமி.”

சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் காலையில் கொழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். அரளியை வெட்டிச் சாய்த்தார். ஒரு கூடை மணலும் செங்கல் துண்டும் தேங்காய்நாரும் கொண்டுவந்து, சரிவின் கீழ்க்கல்லில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். உதவிக்கு வந்த இளம் சாமிகளை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

இறுகின பாசி லேசில் வரவில்லை. தேய்த்தார். நகம் பிய்ந்தது. விரல் முட்டியில் ரத்தம் கசிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் வெள்ளை தெரிந்தது. கறுத்த மடத்தின் ஓரத்தில் ஒரு வெட்டுக்காயம் மாதிரி அது மேலே நீண்டுகொண்டே போனது.

உச்சிப்பொழுதுக்குப் பஸ் வந்தது. சங்கரபாண்டியன் இறங்கி வேகு வேகென்று வந்தார். வரும்போதே சத்தம்.

“என்ன வே கொழுந்து, பித்துப் பிடிச்சிருச்சா? முகப்பையே நாசம் பண்ணிட்டீரே. யாளி எங்க கண்ணுல படுது? பஸ்ஸு வளைவுல திரும்பும்போதே இந்த வெள்ளைதான்வே பல்லை இளிச்சுக்கிட்டுத் தெரியுது.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

கொழுந்து நிமிர்ந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“உக்காந்த மேனிக்கே தெரியுதா, அண்ணே?”